ஆபீஸ் கார் நிறுத்தும் இடம் யாருக்கு?

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்ச விஷயம். கார் வச்சிருக்கிற நண்பர்கள் கோவிச்சுக்காதீங்க, நானும் கார்க்காரன்தான்.

எங்க கிளை மட்டாஞ்சேரியில. பஜார் ரோடு பக்கம் வந்தவங்களுக்குத் தெரியும், மூட்டை இறக்குற லாரி ஒண்ணு நின்னுட்டா தெருவே நின்னுடும். அந்த இடத்துல எங்க கட்டிடத்துக்குப் பின்னால நாலு கார் நிக்கிற முற்றம். நாலும் ஆபீசர்களுக்கு. காலைல நுழைஞ்ச வண்டி சாயங்காலம் வரைக்கும் அசையாது. போன மழைக்காலத்துல பென்ஷன் வாங்க ஒரு அம்மா வந்தாங்க. வாசல்ல நிறுத்த இடமில்லைன்னு ஆட்டோக்காரர் முக்குலயே இறக்கி விட்டுட்டார். தடி ஊன்றி, நனைஞ்சுகிட்டே வந்தாங்க. அவங்ககிட்ட கையெழுத்து வாங்கும்போது ஜன்னல் வழியா என் கார் தெரிஞ்சுது. ஷெட்டுக்குள்ள, சொட்டு ஈரம் படாம.

பி.காம்ல வாய்ப்புச் செலவுன்னு படிச்சோமே, ஞாபகம் இருக்கா? திறந்தவெளியில ஒரு கார் நிறுத்த, திரும்புற இடத்தையும் சேர்த்து 23 சதுர மீட்டர்னு நம்ம நாட்டுத் திட்டமிடுவோர் கணக்கு வைக்கிறாங்க. நாலு காருக்குக் கிட்டத்தட்ட ஆயிரம் சதுர அடி. மட்டாஞ்சேரியில ஆயிரம் சதுர அடி வாடகை என்னன்னு லோன் ஃபைல் பார்க்கிற எனக்குத் தெரியும். ஆனா எங்க கணக்குப் புத்தகத்துல அது பூஜ்யம்! இதுபோக கார் வச்சிருந்தா பெட்ரோல் கிளெய்ம் வேற. படகுல வர்றவனுக்கு அந்த அளவு கிடையாது. அதாவது கார்ல வான்னு ஆபீசே காசு கொடுத்துக் கூப்பிடுது.

வேற ஊர்ல என்ன செய்றாங்க? இங்கிலாந்துல நாட்டிங்ஹாம் நகரம் 2012லேருந்து 11 இடமோ அதுக்கு மேலயோ வச்சிருக்கிற முதலாளிகள்கிட்ட வரி வாங்குது. அந்தக் காசு டிராமுக்குப் போகுது. சிங்கப்பூர்ல 2018 ஆகஸ்ட்லேருந்து அரசுப் பள்ளி ஆசிரியர்களே பள்ளிக்கூட வளாகத்துல நிறுத்தக் கட்டணம் கட்டுறாங்க (அங்க இருக்கிற நம்ம டீச்சர்கள் எவ்வளவு புலம்பியிருப்பாங்க!). எனக்குப் பிடிச்சது கலிபோர்னியா வழி. 1992ல அங்க ஒரு சட்டம்: வாடகைக்கு எடுத்த இடத்தை ஊழியருக்குச் சும்மா கொடுத்தா, வேண்டாம்கிறவருக்கு அந்தப் பணத்தைக் கையில கொடுக்கணும். டொனால்ட் ஷூப்னு ஒரு பேராசிரியர், 2025ல காலமானார். எட்டு கம்பெனிகள்ல ஆராய்ஞ்சு பார்த்தார். தனியா கார்ல வர்றவங்க நூத்துக்கு 76லேருந்து 63 ஆனாங்களாம். தண்டனை இல்லை, திட்டு இல்லை.

"வேற வழி இருந்தாத்தானே விடுவோம்"னு கேப்பீங்க. நியாயம். ஆனா 2025 அக்டோபர்ல வாட்டர் மெட்ரோ மட்டாஞ்சேரிக்கே வந்தாச்சு, டச்சு அரண்மனை பக்கத்துலயே இறங்கலாம். நான் இடப்பள்ளியிலேருந்து மெட்ரோ, எம்.ஜி. ரோட்டுல இறங்கி ஆட்டோ, ஹைகோர்ட்லேருந்து படகுன்னு வந்து பார்த்தேன். கார்ல வர்றதைவிட கொஞ்சம் நேரம் கூடத்தான். ஆனா தோப்பும்படியில ஹாரன் கேட்டுக்கிட்டு உட்கார வேண்டியதில்லை.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. நான் படகுல வந்த முதல் நாளே, காலியான என் இடத்துல தெருவுல நிறுத்திக்கிட்டிருந்த அஞ்சாவது ஆபீசர் வண்டி! பென்ஷன்காரங்களுக்கு ஒரு அடி கூட மிச்சமாகலை. அப்பத்தான் புரிஞ்சுது, ஒருத்தன் திருந்தி பிரயோஜனம் இல்லை, விதியை மாத்தணும்.

மேனேஜர்கிட்ட எழுதியே கொடுத்துட்டேன். ரெண்டு இடம் வாடிக்கையாளர் ஆட்டோவுக்கு. ஒண்ணு உடம்புக்கு முடியாதவங்க, கர்ப்பிணிகள், கேஷ் முடிச்சு ராத்திரி கிளம்புற பெண் ஊழியர்களுக்கு. மிச்சம் ஒண்ணு, ரெண்டு மூணு பேர் சேர்ந்து வர்ற காருக்கு. படகு டிக்கெட்டுக்கும் கிளெய்ம். மேலிடத்துக்கு அனுப்புறேன்னார். சக ஆபீசர் ஒருத்தர் ரெண்டு நாளா என்கூடப் பேசலை :-)

உங்க ஊர் ஆபீஸ்கள்ல எப்படி? முக்கியமா சிங்கப்பூர் டீச்சர்கள், காசு கட்ட ஆரம்பிச்சப்புறம் நிஜமாவே யாராவது பஸ்சுக்கு மாறினாங்களா?