சக்கர நாற்காலி ஏறும் காருக்கு 40 சதவீத வரியா?

கார் வரிச் சலுகை குறித்து எங்கள் கூட்டமைப்பின் நிலைப்பாடு

2025 செப்டம்பர் 22-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த ஜி.எஸ்.டி. மாற்றத்தைப் பற்றிக் கூட்டமைப்பு என்ன சொல்கிறது என்று மாவட்டக் கிளைகள் விடாமல் கேட்டுவருகின்றன. சிறிய கார்களுக்கு வரி குறைந்ததை மனதார வரவேற்க வேண்டும் என்றனர் சில உறுப்பினர்கள். மாற்றுத்திறனாளிகள் உள்ள நம் குடும்பங்களை மறந்துவிட்டுப் போட்ட உத்தரவைக் கண்டித்தே ஆக வேண்டும் என்றனர் வேறு சிலர். இரு தரப்பையும் கேட்ட பிறகு செயற்குழு இந்த அறிக்கையை இறுதி செய்திருக்கிறது. கார் வாங்கும் மாற்றுத்திறனாளிகளுக்கு இருந்த பழைய வரிச் சலுகையின் கதையும், அதற்கான சான்றிதழுக்காக ஒவ்வொரு வீடும் அலைந்த அலைச்சலும் உறுப்பினர்கள் அறிந்தவைதான். மறுபடியும் எழுதத் தேவையில்லை. நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தானாக எழவோ நடக்கவோ உட்காரவோ முடியாத ஒருவரை ஏற்றிச் செல்வதற்காக ஒரு குடும்பம் வாங்கும் காருக்கு, அதன் நீளமும் இன்ஜின் அளவும் எதுவாக இருந்தாலும், 5 சதவீத வரிதான் விதிக்கப்பட வேண்டும்.

வரிக்குறைப்பை நாங்கள் எதிர்க்கவில்லை. நான்கு மீட்டருக்குள் அடங்கும் பெட்ரோல் கார்களுக்கு மேல்வரியோடு சேர்த்து 29 சதவீதமாகவும், டீசல் கார்களுக்கு 31 சதவீதமாகவும் இருந்த வரி இப்போது 18 ஆகியிருக்கிறது. நம் உறுப்பினர்களில் பலருக்கும் இது உதவும். அந்த அளவில் வரவேற்கிறோம். ஆனால் கை, கால் இயக்கக் குறைபாடு உள்ளவர்கள் சான்றிதழ் காட்டி ஏற்கெனவே செலுத்திவந்ததும் இதே 18 சதவீதம்தான். ஊருக்கெல்லாம் 18 ஆன அன்றே அந்தச் சான்றிதழ் வெறும் காகிதமாகிவிட்டது. மற்றவர்களுக்கு இறங்கிய அளவுக்கு நம் விகிதமும் இறங்கியிருக்க வேண்டாமா? உங்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லையே என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பிரிவு 41, தனிநபர் போக்குவரத்து கட்டுப்படியாகும் செலவில் கிடைப்பதற்காக ஊக்கத்தொகைகள், சலுகைகள், வாகன மாற்றியமைப்பு ஆகியவற்றுக்கான திட்டங்களை அரசு உருவாக்க வேண்டும் என்கிறது. எல்லோருக்கும் ஒரே வரி என்பது அந்தப் பிரிவின் கீழ் வரும் சலுகை ஆகாது.

இதைவிடப் பெரிய வருத்தம், உள்ளே அடங்கினால் 18, தாண்டினால் 40 சதவீதம் என்று பிரிக்கும் அந்த நான்கு மீட்டர் கோடு பற்றியது. நீளம் 4,000 மில்லிமீட்டர், பெட்ரோல் என்றால் 1,200 சி.சி., டீசல் என்றால் 1,500 சி.சி. என்ற வரையறை 2006-ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் வந்தது. சிறிய கார் உற்பத்தியை இந்தியாவில் வளர்ப்பதற்காக அன்று அவற்றின் உற்பத்தி வரியை 24-லிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார்கள். தொழில் கொள்கைக்காகப் போட்ட கோடு அது. அதை வரைந்தபோது சக்கர நாற்காலி யார் நினைவிலும் இருந்திருக்காது. அதற்காக யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் அதே கோட்டை எடுத்து மாற்றுத்திறனாளிச் சலுகைக்கும் தகுதியாக வைத்தார்களே, அதை எப்படி ஏற்றுக்கொள்வது? உடலை அசைக்க முடியாதவருக்குத்தான் வண்டியில் இடம் அதிகம் வேண்டும். இடம் அதிகம் உள்ள வண்டியைத்தான் சட்டம் ஆடம்பரம் என்று ஒதுக்கிவைத்திருக்கிறது.

நிதியமைச்சக அதிகாரிகளில் எத்தனை பேர் இதைப் பக்கத்தில் நின்று பார்த்திருப்பார்கள் என்று தெரியாது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். மூளை முடக்குவாதம் உள்ள ஒரு இளைஞரைச் சக்கர நாற்காலியிலிருந்து சிறிய காரின் பின் இருக்கைக்கு மாற்ற வேண்டும். கதவு முழுதாகத் திறந்தாலும், நாற்காலியை இருக்கைக்கு இணையாக ஒட்டி நிறுத்த முடியாது. நடுவில் ஒரு சாண் இடைவெளி விழும். ஒருவர் பின்னாலிருந்து அக்குளுக்குள் கைகொடுத்துத் தூக்க, இன்னொருவர் முழங்காலுக்கு அடியில் பிடிக்க வேண்டும். தசை இறுக்கம் உள்ளவருக்கு அந்த நேரம் பார்த்துக் கால்கள் விறைத்து நீளும். மடக்கினால்தான் கதவுக்குள் போகும், மடங்கவோ மடங்காது. தலை கூரையில் இடிக்காமல் பார்க்க மூன்றாவது கை வேண்டும். தூக்குபவர் நேராக நின்று தூக்க முடிவதில்லை; பாதி உடம்பைக் காருக்குள் நுழைத்து, இடுப்பைத் திருகிக்கொண்டு தூக்குகிறார். பெரும்பாலான வீடுகளில் அது அம்மா. பிள்ளைக்கு ஐந்து வயதாக இருந்தபோது தூக்கியவர், இருபது வயதிலும் தூக்குகிறார்; அவருக்கும் வயது ஏறிக்கொண்டுதான் போகிறது. இதெல்லாம் முடிந்த பிறகு 15, 20 கிலோ எடையுள்ள நாற்காலியை மடித்து டிக்கியில் ஏற்ற வேண்டும். சாய்வு நாற்காலியாகவோ உடல் வாகுக்கேற்பச் செய்த நாற்காலியாகவோ இருந்தால் அது மடங்கவே மடங்காது. பின் இருக்கையை மடக்கி நாற்காலிக்கு இடம் விட்டால் உடன் போகிறவர் உட்கார இடமில்லை. மருத்துவமனை வாசலில் இறங்கும்போது இத்தனையையும் தலைகீழ் வரிசையில் செய்ய வேண்டும், திரும்பும்போது மறுபடியும். தெரபி, ஊசி, பள்ளி, கல்யாணம், துக்கம் என்று எதற்கு வெளியே கிளம்பினாலும் இதே பாடு. ஒரு கட்டத்துக்கு மேல் குடும்பம் வெளியே கிளம்புவதையே நிறுத்திவிடுகிறது. தெரபி நின்றுபோனதற்குக் குழந்தையின் உடல்நிலை காரணம் என்று பதிவேட்டில் எழுதுவார்கள். அவரைத் தூக்க ஆளும் ஏற்ற வண்டியும் இல்லாததுதான் காரணம் என்று எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

உயரமான கூரையும் அகலமான கதவும் மூன்று வரிசை நீளமும் உள்ள வண்டியில் இந்தப் பாட்டில் பெரும்பகுதி குறைகிறது. மூன்றாம் வரிசையை மடக்கினால் நாற்காலி அப்படியே ஏறும். உடன் செல்ல இருவருக்கும் இடம் இருக்கும். நடுத்தரக் குடும்பம் எண்ணிப் பார்க்கக்கூடிய அப்படிப்பட்ட வண்டிகளில் எர்டிகா ஒன்று. அதன் நீளம் 4,435 மில்லிமீட்டர், இன்ஜின் 1,462 சி.சி. கோட்டைத் தாண்டுவது 435 மில்லிமீட்டர், ஒரு முழம்கூட இல்லை. அந்த முழத்துக்காகவும் கொஞ்சம் கூடுதல் சி.சி.க்காகவும் வரி 18-லிருந்து 40 சதவீதத்துக்குத் தாவுகிறது. வரிக்கு முந்தைய விலை 8 லட்சம் என்று வைத்துக்கொண்டால், 18 சதவீதத்தில் வரி 1 லட்சத்து 44 ஆயிரம். 40 சதவீதத்தில் 3 லட்சத்து 20 ஆயிரம். வித்தியாசம் 1 லட்சத்து 76 ஆயிரம் ரூபாய். கடும் பாதிப்புள்ளவர்களுக்குத் தமிழ்நாடு அரசு மாதந்தோறும் தரும் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரியில்தான் 1,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாய் ஆனது. அந்தக் கணக்கில் 88 மாதம், ஏழு ஆண்டுக்கும் மேலான உதவித்தொகை, ஒரே ரசீதில் வரியாகத் திரும்பிப் போகிறது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவது என்பதற்கு இதைவிட வேறென்ன கணக்கு வேண்டும்?

பெரிய வண்டிக்கு வரி குறைத்தால் வருவாய் போய்விடும், விகிதங்களின் ஒழுங்கு கெட்டுவிடும் என்பது அரசுத் தரப்பில் சொல்லப்படக்கூடிய வாதம். அந்த ஒழுங்கு ஏற்கெனவே தளர்த்தப்பட்டிருக்கிறது. மின்சாரக் கார்களுக்கு 5 சதவீதம்தான் வரி. அதற்கு நீள வரம்பும் இல்லை, விலை வரம்பும் இல்லை. ஒரு கோடி ரூபாய் மின்சாரக் காருக்கு 5, முதுகுத் தண்டுவடம் பாதித்த மகனை ஏற்றிச் செல்லும் எர்டிகாவுக்கு 40. சுற்றுச்சூழலுக்காக விதியைத் தளர்த்தியது சரிதான். தளர்த்த முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. அப்படியானால் மின்சாரக் காரையே வாங்கலாமே என்றால், மூன்று வரிசை மின்சாரக் கார்களின் விலை நம் உறுப்பினர்களில் பெரும்பாலோருக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. தரைக்கடியில் பேட்டரி இருப்பதால் சாய்தளம் வைக்கத் தரையைத் தாழ்த்தவும் வழியில்லை. சக்கர நாற்காலிக்கு வரி 5 சதவீதம். மாற்றுத்திறனாளிகளின் வாகனத்தில் பொருத்தும் மாற்றியமைப்புக் கருவிகளுக்கும் 2021 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் 5 சதவீதமே முடிவு செய்தது. நாற்காலிக்கு 5, கருவிக்கு 5, இரண்டையும் சுமக்கும் வண்டிக்கு மட்டும் 40 என்பதில் என்ன தர்க்கம் இருக்கிறது என்று எங்களுக்கு விளங்கவில்லை.

நான்கு மீட்டருக்குள்ளேயே நல்ல வண்டிகள் இருக்கின்றன என்ற வாதத்தை நாங்கள் ஒதுக்கிவிடவில்லை. செயற்குழுவிலேயே அது வலுவாக எழுந்தது. நான்கு மீட்டருக்குள் அடங்கும் டிரைபரில் மூன்றாம் வரிசையைக் கழற்றி வைத்தால் 625 லிட்டர் இடம் கிடைக்கிறது. மடங்கும் நாற்காலி வைத்திருப்பவர்களுக்குக் கொடுக்கும் காசுக்கு நல்ல வண்டி. ஈகோவின் நகரும் கதவு, நெருக்கமான தெருவில் ஏற்றி இறக்கப் பெரிய உதவி. ஆனால் தரை உயரம், கியரும் கையால் மாற்றும் வகை மட்டுமே என்பதால் இடது காலில் பலமில்லாதவர் ஓட்ட முடியாது. வேகன் ஆருக்குப் பக்கவாட்டில் வெளியே திரும்பும் சுழல் இருக்கையை மாருதி 2025 இறுதியில் கொண்டுவந்ததைப் பாராட்டுகிறோம். உட்கார முடிந்த முதியவருக்கும் மூட்டுவலிக்காரருக்கும் அது வரப்பிரசாதம். கழுத்து நிற்காதவருக்கும், நாற்காலியோடேயே ஏற வேண்டியவருக்கும் இவை எதுவும் போதாது. அவர்கள் எண்ணிக்கையில் குறைவுதான். ஆனால் இந்தச் சலுகை அவசரமாக வேண்டியவர்களும் அவர்கள்தான்.

முறைகேடு நடக்கும் என்ற அச்சத்தையும் கேட்டோம். பாட்டியின் பெயரில் காரை வாங்கிப் பேரன் சுற்றுவான் என்கிறார்கள். அப்படிச் சிலர் செய்யக்கூடும், மறுக்கவில்லை. அதற்கான பூட்டுகள் பழைய திட்டத்திலேயே இருந்தன: ஐந்து ஆண்டுக்கு ஒருமுறைதான் சலுகை, இடையில் வண்டியை விற்க முடியாது. மாற்றுத்திறனாளிகளின் அடையாள அட்டையான யு.டி.ஐ.டி.யின் எண்ணை வண்டியின் ஆர்.சி.யோடு இணைத்தால் கண்காணிப்பு இன்னும் இறுகும். வண்டியின் விலைக்கு உச்சவரம்பு வைப்பதைக் கொள்கையளவில் ஏற்கிறோம். எவ்வளவு தொகை என்பதில் உறுப்பினர்களிடையே இன்னும் உடன்பாடு எட்டவில்லை என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் நான்கு பேர் ஏமாற்றுவார்கள் என்று சொல்லி நானூறு பேரைத் தண்டிக்கும் வழக்கம் வேறு எந்தச் சலுகையிலும் இல்லாமல் நம் சலுகையில் மட்டும் ஏன் முதல் கேள்வியாக வருகிறது? மருத்துவக் குழு முன் பிள்ளையைத் திரும்பத் திரும்பக் கொண்டுபோய் நிறுத்தி, இவன் நடக்கமாட்டான் என்று நிரூபித்த பெற்றோரை இனியும் சந்தேகக் கண்ணோடு பார்க்க வேண்டாம்.

பேருந்தைச் சரிசெய்யுங்கள் என்று கேட்காமல் கார் கேட்கலாமா என்ற விமர்சனமும் உண்டு. தாழ்தளப் பேருந்துகளுக்கான நீண்ட போராட்டத்துக்கு எங்கள் ஆதரவு அப்படியே தொடர்கிறது. 2024 ஆகஸ்டில் சென்னையில் ஓடத் தொடங்கிய தாழ்தளப் பேருந்து ஊர் ஊருக்கும் வரும் நாள் வரட்டும். அதுவரை ஊத்தங்கரையிலோ கமுதியிலோ உள்ள குடும்பம் என்ன செய்யும்?

பழைய சான்றிதழ் கை, கால் இயக்கக் குறைபாட்டுக்கு மட்டுமே கிடைத்தது. 2016 சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. கடும் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களின் குடும்பங்களுக்கும் நெருக்கடி இல்லாத, சத்தம் குறைந்த, இருவருக்கு நடுவே பாதுகாப்பாக உட்கார வைக்கக்கூடிய வண்டி தேவைப்படுகிறது. இயன்றவரை இவர்களையும் சேர்த்தே புதிய திட்டம் வகுக்கப்பட வேண்டும் என்று கோருகிறோம். சுங்கக் கட்டண விலக்கு, மாற்றுத்திறனாளிக்கென வடிவமைத்த வாகனம் என்ற நிபந்தனையோடு நிற்காமல், பயணியாகச் செல்லும் மாற்றுத்திறனாளிக்கும் கிடைக்க வேண்டும். மாநில வாழ்நாள் வரி விலக்கில் அலுவலகத்துக்கு அலுவலகம் விளக்கம் மாறுவது நிற்க வேண்டும்.

ஜி.எஸ்.டி. கவுன்சிலில் மாநில நிதியமைச்சரும் உறுப்பினர். எனவே எங்கள் மனு டெல்லிக்கு மட்டும் போகாது, சென்னைக்கும் போகும். இடைப்பட்ட காலத்தில் எந்தக் கார் வாங்கலாம் என்று கேட்கும் உறுப்பினர்களுக்குச் செயற்குழு எந்த நிறுவனத்தையும் பரிந்துரைக்காது. ஷோரூமுக்கு வண்டியில் ஏறப்போகிறவரையும் அவருடைய நாற்காலியையும் அழைத்துச் செல்லுங்கள். வீட்டிலிருந்தபடி டீலர் சொல்வதைக் கேட்டு முன்பணம் கட்டாதீர்கள். இருக்கையின் உயரம் நாற்காலியின் இருக்கைக்குச் சமமாக இருக்கிறதா, கதவு எவ்வளவு விரிகிறது, டிக்கியின் விளிம்பு இடுப்புக்குக் கீழே இருக்கிறதா என்று அங்கேயே ஏற்றி இறக்கிப் பாருங்கள். பழைய வண்டி வாங்குவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. நன்றாகப் பராமரித்த பழைய எர்டிகாவோ இன்னோவாவோ இன்றைய வரியில் பல வீடுகளுக்கு ஒரே வழி. நான்கு மீட்டரைத் தாண்டிய புதிய வண்டி வாங்கி 40 சதவீத வரி கட்டியவர்கள், ரசீதின் நகலையும் யு.டி.ஐ.டி. அட்டையின் நகலையும், சிறிய வண்டி ஏன் போதவில்லை என்ற ஒரு பக்கக் குறிப்பையும் மாவட்டக் கிளையில் ஒப்படைக்கவும். அவை அனைத்தையும் மனுவோடு இணைக்கப்போகிறோம்.