மிச்சம் பிடிக்கவா, மகிழவா?

மாணவர்களே, பணத்தை மிச்சப்படுத்த ஸ்பீக்கர் செய்யப் போகிறீர்களா? வேண்டாம். தொழிற்சாலைகள் பாகங்களை மொத்தமாக மலிவு விலையில் வாங்குகின்றன. கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் ஒவ்வொன்றாக வாங்கும் உங்களுக்குச் செலவு கூடத்தான் செய்யும்.

ஆனாலும் செய்யுங்கள். எல்எம்386 என்ற சில்லு, 9 வோல்ட் மின்கலம், ஒரு சிறிய ஸ்பீக்கர், சில மின்தேக்கிகள் போதும். சில்லின் 1ஆம், 8ஆம் கால்களுக்கிடையே 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை இணைத்தால், 20 மடங்குப் பெருக்கம் 200 மடங்காகும். பாடநூலில் படித்ததைக் காதால் கேட்பீர்கள்.

நான் முதலில் செய்தது 'உம்ம்' என்று இரைந்தது. உள்ளீட்டுக் கம்பி, அருகிலிருந்த மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸ் அலைவை ஈர்த்திருந்தது. அதைக் கண்டுபிடிக்க இரண்டு மாலைகள் ஆயின. அந்த மகிழ்ச்சி கடையில் கிடைக்காது.

செய்து பழகியவர், பழுதானதைத் தூக்கி எறியுமுன் திறந்து பார்ப்பார். அதுவே உண்மையான இலாபம்.