ஈரம் தாங்கும் கேத்தோடு

சோடியம் அயனி மின்கலம் மின்னாற்றலை வெளிவிடும்போது சோடியம் அயனிகளைத் தன் படிகக் கட்டமைப்பில் ஏற்றுக்கொள்ளும் நேர்முனைப் பொருளே கேத்தோடு எனப்படுகிறது. கலத்தின் மின்னழுத்தமும் ஆயுளும் விலையும் பெரிதும் அதையே சார்ந்திருப்பதால் ஆய்வாளர் கவனம் அதன்மேல் குவிவது இயல்பே. ஆயினும், ஒரு கிராம் தூளில் எத்தனை மில்லி ஆம்பியர் மணி மின்னூட்டம் தங்குகிறது என்ற ஒரே எண்ணைக் கொண்டு பொருளை மதிப்பிடும் வழக்கம் வேரூன்றிவிட்டது. ஆர்கான் நிரப்பிய கையுறைப் பெட்டிக்குள் பெற்ற அந்த எண், அதே தூள் திறந்த காற்றில் ஒரு நாள் கிடந்தால் என்னவாகும் என்பதைக் காட்டுவதில்லை.

இக்குறை அடுக்கு ஆக்சைடுகளில் வெளிப்படையாகத் தெரிகிறது. உலோகமும் ஆக்சிஜனும் சேர்ந்த தகடுகளுக்கிடையே சோடியம் அமர்ந்திருக்கும் இப்பொருட்களைச் செய்ய, சோடா ஆஷ் என வணிகத்தில் வழங்கும் சோடியம் கார்பனேட்டை உலோக ஆக்சைடுகளோடு கலந்து 800 முதல் 900 பாகை செல்சியஸ் வரை சுடுகின்றனர்; கரியமில வாயு வெளியேற, சோடியம் அடுக்குகளுக்குள் புகுகிறது. ஈரக் காற்றில் அத்தூள் கிடந்தால் இதே வினை ஏறத்தாழத் தலைகீழாக நடக்கிறது: சோடியம் மேற்பரப்புக்கு வந்து, முதலில் ஹைட்ராக்சைடாகவும் பிறகு மீண்டும் கார்பனேட்டாகவும் படிகிறது. இக்காரப் படிவு, தூளை அலுமினியத் தாளில் ஒட்டவைக்கும் பாலிவினைலிடீன் புளோரைடு என்ற பிணைப்பியைத் தாக்கி, அதிலிருந்து ஹைட்ரஜன் புளோரைடைப் பிரித்தெடுக்கிறது. கலவைத் தொட்டியில் வழவழப்பாக ஓட வேண்டிய பூச்சுக் குழம்பு கட்டித் தயிர்போல உறைந்து, பூசவே முடியாததாகிவிடுகிறது.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்பகுதிகளைக் கொண்ட காஞ்சிபுரம் மாவட்டத்தில் இது ஏட்டளவுச் சிக்கல் அன்று. மழைக்காலத்தில் இங்கே பனிநிலை, அதாவது காற்றிலுள்ள நீராவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 24 பாகையை ஒட்டி நிற்கையில் ஒரு கன மீட்டர் காற்றில் 20 கிராமுக்குமேல் நீராவி இருக்கும். அதைப் பனிநிலை −40 பாகை கொண்ட உலர் அறைக் காற்றாக மாற்ற வேண்டுமெனில் 0.2 கிராமுக்கும் கீழே கொண்டுவர வேண்டும். சோடியத்தின் மலிவால் மிஞ்சும் பணத்தில் கணிசமான பங்கு ஈரநீக்கிகளின் மின் கட்டணமாகவே போய்விடக்கூடும்.

மாற்று வழிகள் இல்லாமலில்லை. 2015-இல் சீன ஆய்வாளர்கள் செம்பு, இரும்பு, மாங்கனீசு கலந்த அடுக்கு ஆக்சைடு ஒன்றைக் காற்றில் கெடாததாக உருவாக்கினர். அதற்கு ஈடாக அவர்கள் ஏற்றுக்கொண்ட கொள்ளளவு கிராமுக்குச் சுமார் 100 மில்லி ஆம்பியர் மணிதான். நிக்கலும் வேண்டாம், கோபால்ட்டும் வேண்டாம் என்ற நிலையில் அது நட்டமான பேரம் அன்று.

மற்றொரு வழி, பாஸ்பேட், சல்பேட் போன்ற பல்லணு எதிரயனிகளால் கட்டப்பட்ட சட்டகங்கள். தமிழகத்தின் தென்கோடிச் சிற்றூரான அமரபுரத்தில் பிறந்த ஆறுமுகம் மந்திரம், ஜான் குட்இனஃபுடன் இணைந்து 1987-இலும் 1989-இலும் வெளியிட்ட ஆய்வுகள், இரும்பைச் சூழ்ந்த எதிரயனியை மாற்றினாலே லித்தியம் கலத்தின் மின்னழுத்தம் 3.0 வோல்ட்டிலிருந்து 3.6 வோல்ட்டுக்கு உயரும் எனக் காட்டின. தூண்டல் விளைவு எனப்படும் அக்கருத்து சோடியத்துக்கும் பொருந்துவதால்தான், மலிவான இரும்பைக் கொண்டே பயனுள்ள மின்னழுத்தத்தைப் பெற முடிகிறது. இரும்பு பாஸ்பேட்–பைரோபாஸ்பேட் கேத்தோடின் கோட்பாட்டுக் கொள்ளளவு கிராமுக்கு 129 மில்லி ஆம்பியர் மணி, மின்னழுத்தம் சுமார் 3.1 வோல்ட். மின்கடத்துதிறன் குறைவென்பதால் துகள்களுக்குக் கரிமப் பூச்சு தேவைப்பட்டாலும், அதன் சட்டகம் ஈரத்துக்கும் வெப்பத்துக்கும் எளிதில் குலைவதில்லை. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல் போன்றதோர் ஊரில், சூரிய மின்னாற்றலைப் பகலில் சேமித்து இரவில் தர வேண்டிய மின்கலத்துக்கு எடை ஒரு பொருட்டன்று; கத்திரி வெயிலில் தகரக் கூரையின்கீழ் ஆண்டுக்கணக்கில் உழைப்பதே அதற்கான சோதனை.

ஆகவே, கேத்தோடு மேம்பாட்டைப் பற்றிய கட்டுரைகள் கொள்ளளவோடு வேறு மூன்று விவரங்களையும் தருவது முறையாகும். முதலாவது, தூள் எவ்வளவு நேரம், எந்த ஈரப்பதத்தில், எந்த வெப்பநிலையில் காற்றுபட வைக்கப்பட்டது என்பதும் அதன்பின் எஞ்சிய கொள்ளளவும். இரண்டாவது, மேற்பரப்பில் படிந்த காரத்தின் அளவு. இதற்கு ஒரு ப்யூரெட்டும் நீர்த்த அமிலமும் போதும். மூன்றாவது, கடினக் கரிம ஆனோடுடன் இணைத்த முழுக் கலத்தின் முடிவு. சோடியம் உலோகத் தகட்டை எதிர்முனையாக வைக்கும் அரைக்கலத்தில் சோடியம் வற்றுவதே இல்லையாதலால், மூன்றில் இரண்டு பங்கு சோடியமே கொண்ட கேத்தோடும் அங்கே நிறைவானதாகத் தோன்றும். முழுக் கலத்திலோ முதல் மின்னேற்றத்திலேயே பற்றாக்குறை வெளிப்பட்டுவிடும்.

150 என்ற எண்ணைக் காட்டி இரண்டு நாளில் குழம்பை உறையவைக்கும் தூளையும், 110 என்று காட்டி ஐப்பசி அடைமழையிலும் பூச்சு இயந்திரத்தில் தடையின்றி ஓடும் தூளையும் அருகருகே வைத்தால், தொழிற்கூடம் எதைத் தேர்ந்தெடுக்கும் என்பதில் ஐயமில்லை. அத்தேர்வுக்கு வேண்டிய அளவீடுகளை ஆய்வுக்கூடமே முன்கூட்டித் தந்துவிடுவது நன்று.