ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றோம்

கார்லோ ஆன்செலோட்டி ரோமா அணியில் எந்த வருடம் சேர்ந்தார் என்று நடு இரவில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். 1979. எட்டு வருடம் அங்கே ஆடிவிட்டு மிலானுக்குப் போனார். 1989, 1990 இரண்டு வருடமும் ஐரோப்பியக் கோப்பை வென்ற மிலான் அணியில் இருந்தார். பயிற்சியாளரான பிறகு அதே கோப்பையை ஐந்து முறை வென்றார். பிரேசிலின் ஜகாலோ உலகக் கோப்பை வென்றது வீரராக 1958, 1962, பயிற்சியாளராக 1970. பெக்கன்பவர் 1974இல் கேப்டன், 1990இல் பயிற்சியாளர். இதெல்லாம் ஆசையாகப் படித்துச் சேர்த்தது. இதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை.

வெட்கம் வேறு இடத்தில் இருக்கிறது. நான் இருக்கும் பகுதியில் மாநகராட்சி மைதானம் ஒன்று உண்டு. காலை ஐந்தரைக்கு அங்கே ஒருவர் விசில் ஊதுவார். ஒரு காலத்தில் சென்னை லீக்கில் வங்கி அணிக்கு ஆடியவர். முப்பது, நாற்பது பிள்ளைகள் வருவார்கள். இருபது வருடத்துக்கு மேல் விளையாட்டுச் செய்தி எழுதிப் பிழைக்கும் நான், அந்த மைதானத்தை வாரத்துக்கு நான்கு நாள் கடந்து போயிருக்கிறேன். அவர் எந்த வருடம் ஆடத் தொடங்கினார் என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

ஒரே ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்தேன். பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். ஊசியை நாக்கில் நனைத்து, பந்தை முழங்காலுக்கு இடையில் இடுக்கி, மெதுவாகச் செருகினார். கூம்புகளுக்குப் பதிலாக அரைச் செங்கற்களுக்கு வெள்ளையடித்து வரிசையாக நட்டிருந்தார். காற்றடித்து முடித்ததும் ரெக்சின் பையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து என்னிடம் நீட்டினார். பழுப்பேறிய செய்தித்தாள் துணுக்குகள், குழுப் புகைப்படங்கள். ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் நிற்பவர்கள், உட்கார்ந்திருப்பவர்கள் பெயரெல்லாம் நீல மையில் வரிசையாக எழுதியிருந்தது. பயிற்சியாளருக்கான டி லைசென்ஸ் சான்றிதழும் அதிலேயே இருந்தது. ஐம்பதைத் தாண்டிய வயதில், தன் பிள்ளை வயதுப் பையன்களோடு உட்கார்ந்து படித்து வாங்கியது.

“ஒரு ஞாயித்துக்கிழமை வாங்க தம்பி. சாவகாசமா உக்காந்து பேசலாம்” என்றார்.

வருகிறேன் சார் என்றேன்.

அது 2013. நான் போகவில்லை. பெரிய காரணம் எதுவும் கிடையாது. வெளிநாட்டுப் பயிற்சியாளர் ஒருவரின் வாழ்க்கையை எழுதுவதென்றால் அரை மணி நேரம் போதும். ஆண்டு, அணி, கோல் எண்ணிக்கை எல்லாம் வரிசையாக யாரோ எடுத்து வைத்திருப்பார்கள். நாம் தமிழில் கோக்க வேண்டியதுதான். இவரைப் பற்றி எழுதவென்றால் ஒரு மாலை முழுக்க உட்கார வேண்டும். அவர் சொல்லும் வருடம் சரியா என்று பழைய தாள்களைப் புரட்ட வேண்டும். கூட ஆடிய இரண்டு பேரைத் தேடிப் பிடிக்க வேண்டும். சுலபமானதை நான் எடுத்துக்கொண்டேன். என்னைப் போல எழுதுகிற பலரும் அதையே எடுத்துக்கொண்டோம். நாங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, “நம்மூர் ஆளைப் பத்தி ஏன் எழுதலை?” என்று கேட்காமல் பக்கத்தைப் புரட்டியவர்களும் இந்தக் கூட்டத்தில் உண்டு.

2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு பெருக்கெடுத்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். சைதாப்பேட்டை ஆற்றோரத்தில் இருந்தது அவர் வீடு. தண்ணீர் வடிந்த பிறகு கட்டிலும் அலமாரியும் வெயிலில் காய்ந்தன. ஃபைலில் மிஞ்சியது சேறுதான். அதே டிசம்பரில் நாங்கள் என்ன எழுதிக்கொண்டிருந்தோம்? வெள்ளத்தால் சென்னையின் எஃப்.சி.யின் அரையிறுதி ஆட்டம் புனேக்கு மாறியதை எழுதினோம். 20ஆம் தேதி கோவாவில் 3-2 என்று ஜெயித்துக் கோப்பை வாங்கியதை எழுதினோம். பயிற்சியாளர் மார்கோ மாட்டராஸி 2006 உலகக் கோப்பை இறுதியில் கோல் அடித்ததையும், அதே ஆட்டத்தில் ஜிதேனின் தலை அவர் மார்பில் மோதியதையும் பத்தி பத்தியாக எழுதினோம். எழுதியது தப்பில்லை. மாட்டராஸி நம் அணிக்கு உழைத்தவர். ஆனால் அந்த மாதம் நம் ஊரில் ஒரு பயிற்சியாளரின் முழு வாழ்க்கையும் ஆற்றோடு போயிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கியிருந்தால் அதில் பாதியாவது என் நோட்டில் இருந்திருக்கும்.

அவரைவிட அதிகமாக என்னை உறுத்தும் பெயர் ஒன்று உண்டு. வி.பி. சத்யன்.

கண்ணூர்க்காரர். இந்திய அணியின் கேப்டன், தடுப்பாட்டக்காரர். கேரளப் போலீஸ் அணியில் ஆடிய காலத்திலேயே கேரளம் அவரைக் கொண்டாடியது. அவருடைய பெரிய வெற்றிகளில் இரண்டு நம் மண்ணில் நடந்தவை. 1992இல் கோவையில் நடந்த சந்தோஷ் கோப்பை இறுதியில் கேரளம் கோவா அணியை 3-0 என்று தோற்கடித்தபோது அவர்தான் கேப்டன். 1995இல் சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா கால்பந்துத் தங்கம் வென்றபோதும் அவர்தான் கேப்டன். பிறகு இந்தியன் வங்கியில் வேலை, அந்த வங்கி அணிக்கு ஆட்டம், ஆட்டம் முடிந்ததும் அதே அணிக்குப் பயிற்சி. சென்னையிலேயே குடியிருந்தார். காலில் பழைய காயங்களின் வலி அவரை விடவே இல்லை. 2006 ஜூலை 18 அன்று பல்லாவரத்தில் ரயில் பாதையில் இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 41.

அவர் ஏன் அப்படிப் போனார் என்று விளக்க எனக்கு உரிமை இல்லை. ஒன்றை மட்டும் சொல்ல முடியும். இந்திய அணியின் கேப்டன் ஒருவர் நம் நகரத்தில் ஒரு சாதாரண வங்கி ஊழியராகப் பேருந்திலும் ரயிலிலும் போய்வந்தார். மாலையில் மைதானத்தில் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்தார். நாம் அவரை அடையாளம் கண்டு ஒரு வணக்கம் வைத்தோமா? ‘ஆட்டத்துக்குப் பிறகு என்ன செய்கிறீர்கள் சார்’ என்று யாராவது ஒருவர் ஒரு பேட்டிக்காகவாவது கேட்டிருந்தால் எதுவும் மாறியிருக்காது என்றே வைத்துக்கொள்வோம். கேட்டிருக்கலாம் அல்லவா? இறந்த மறுநாள் செய்தி போட்டோம். பன்னிரண்டு வருடம் கழித்து, 2018இல், அவர் வாழ்க்கையை ‘கேப்டன்’ என்று மலையாளத்தில் படமாக எடுத்தார்கள். இங்கே பல பேர் பார்த்துக் கண் கலங்கினோம். நானும் கலங்கினேன். எனக்கு எட்டும் தூரத்தில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த மனிதரின் கதையை ஒரு படம் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

கல்கத்தாவில் இப்படி நடக்கவில்லை. பி.கே. பானர்ஜி வீரராக 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதியில் கோல் அடித்ததும், பயிற்சியாளராக ஈஸ்ட் பெங்காலுக்கும் மோகன் பகானுக்கும் கோப்பைகளைக் குவித்ததும் அங்கே டீக்கடைப் பேச்சு. ஆட்டத்துக்கு முன் அவர் பையன்களுக்கு உருகி உருகிச் சொல்லும் வார்த்தைகளுக்கு ‘வோக்கல் டானிக்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். அவருக்கு எதிரே நின்ற அமல் தத்தாவும் முன்னாள் வீரர்தான். சொந்தக் காசில் இங்கிலாந்து போய்ப் பயிற்சி படித்து வந்தவர். 1997 ஜூலையில் இந்த இருவரின் அணிகளும் ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் மோதியபோது சால்ட் லேக் மைதானத்தில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேல் கூட்டம். அதில் பாதிப்பேர் இரண்டு பயிற்சியாளர்களின் வீம்பைப் பார்க்க வந்தவர்கள் என்பேன். பயிற்சியாளரும் ஒரு கதாபாத்திரம் என்று அந்த ஊர் நம்பியது. அவர் சொன்னதை எழுதி வைத்தது.

நம் பக்கம் பாருங்கள். பீட்டர் தங்கராஜ் என்ற பெயரை எத்தனை பேர் நம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்? செகந்திராபாத்தில் வளர்ந்து, ராணுவத்தில் சேர்ந்து, குன்னூர் பக்கத்து வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட் அணிக்குக் கோல்கீப்பராக நின்றவர். அந்த அணி 1955இலும் 1958இலும் டூரண்ட் கோப்பை வாங்கியது. 1956, 1960 ஒலிம்பிக்கில் ஆடினார். 1962 ஆசிய விளையாட்டு இறுதியில் தென் கொரியாவுக்கு எதிராகக் கோல் கம்பத்தின் கீழ் நின்றதும் அவர்தான். ஆடி முடித்தபின் பயிற்சியாளரானார். 2008 நவம்பரில் பொக்காரோவில் காலமானார். ஊட்டி மலை ரயிலில் போகும்போது வெலிங்டன் நிலையத்தில் இறங்கி நாம் படம் எடுத்துக்கொள்கிறோம். நானும் குடும்பத்தோடு எடுத்திருக்கிறேன். பக்கத்தில் நின்ற என் மகனிடம் அந்தப் பெயரைச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.

1960 ரோம் ஒலிம்பிக் அணியில் இருந்த சைமன் சுந்தரராஜ் 1973இல் கேரளத்துக்கு முதல் சந்தோஷ் கோப்பையை வாங்கிக் கொடுத்த பயிற்சியாளர். எர்ணாகுளத்தில் ரயில்வேயை 3-2 என்று வென்ற அந்த ஆட்டத்தை மலையாளிகள் இன்றும் சொல்கிறார்கள். தமிழில் அவரைப் பற்றி நாலு வரி தேடினால் நேரம்தான் போகும்.

ராமன் விஜயன் தமிழ்நாட்டுக்காரர். 1997-98 தேசிய லீக்கில் எஃப்.சி. கொச்சினுக்காகப் பத்து கோல் அடித்து, அந்த வருடத்தின் அதிக கோல் கணக்கை வைத்திருந்தவர். ஐ.எம். விஜயன் புகழோடு இருந்த காலம் அது. விஜயன் என்றதும் நாமெல்லாம் அவரைத்தான் நினைத்தோம். நானே இருவரையும் குழப்பியிருக்கிறேன். நம் ஊர் விஜயன் பிறகு பயிற்சியாளராகிச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் பள்ளி தொடங்கினார். சாபிர் பாஷாவும் அப்படித்தான். இந்தியன் வங்கியின் முன்கள வீரர், இந்திய அணிக்கு ஆடியவர். ஜான் கிரெகரி தலைமைப் பயிற்சியாளராக இருந்த காலத்தில் சென்னையின் எஃப்.சி.யின் உதவிப் பயிற்சியாளர். 2022 பிப்ரவரியில் தலைமைப் பயிற்சியாளர் பாண்டோவிச் பாதியில் விலக்கப்பட்டபோது அணியைத் தாங்கிப் பிடிக்க இவரைத்தான் கூப்பிட்டார்கள். கிரெகரியைப் பற்றி நான் எழுதியது எத்தனை, பாஷாவைப் பற்றி எழுதியது எத்தனை என்று போன வாரம் என் பழைய கட்டுரைகளை எண்ணிப் பார்த்தேன். எண்ணி முடித்துக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சங்கம் செய்யவில்லை, வாரியம் செய்யவில்லை, தொலைக்காட்சி கிரிக்கெட்டைத்தான் காட்டுகிறது என்று இத்தனை வருடம் சொல்லிவந்தோம். மைதானத்துக்கும் என் வீட்டுக்கும் நடுவில் எந்தச் சங்கமும் குறுக்கே நிற்கவில்லை. நோட்டும் பேனாவும் வாங்க யாரிடமும் நிதி கேட்க வேண்டியதில்லை. மனசு வைக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போதும் கெட்டுப்போகவில்லை. விஜயனும் பாஷாவும் நம்மோடு இருக்கிறார்கள். ரயில்வே, ஐ.சி.எஃப்., கஸ்டம்ஸ், வங்கி அணிகளில் ஆடிவிட்டு இன்று பள்ளிக்கூட மைதானங்களில் விசிலோடு நிற்பவர்கள் ஊருக்கு ஒருவராவது இருக்கிறார்கள். 2019இல் லூதியானாவில் இந்திய மகளிர் லீக் கோப்பையை வென்ற மதுரை சேது அணியில் ஆடிய பெண்களில் சிலரும் நாளைக்கு விசிலைக் கையில் எடுப்பார்கள். அவர்களுடைய கதையையாவது ஆடிக்கொண்டிருக்கும்போதே எழுதிவிடலாம். உங்கள் ஊர் மைதானத்துக்குப் போங்கள். எந்த அணி, எந்த வருடம், எந்த இடத்தில் ஆடினீர்கள், யார் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது என்று கேளுங்கள். செல்போனில் பதிவு செய்யுங்கள். படம் இருந்தால் பின்பக்கத்தையும் சேர்த்துப் படமெடுங்கள். பெயர்கள் அங்கேதான் இருக்கும்.

நான் இரண்டு மாதத்துக்கு முன் போனேன், பத்து வருடத்துக்கு மேல் தாமதமாக. அதே மைதானம், அதே வெள்ளையடித்த செங்கற்கள். ஃபைல் போய்விட்டது, மனிதர் இருக்கிறார். பள்ளிப் போட்டிச் செய்தி ஒன்றில் முன்பு நான் அவரை முன்னாள் ஃபார்வர்டு என்று எழுதியிருந்தேன். முதல் நாளே அவருடைய பையன் ஒருவன் என்னைத் திருத்தினான்: “சார், கோச் ஃபார்வர்டு இல்ல சார். ஸ்டாப்பர் பேக்.” மன்னிப்புக் கேட்டேன். “பரவால்ல தம்பி, வந்தீங்கள்ல” என்றார்.

பயிற்சி முடிந்ததும் திண்டில் உட்கார்ந்து சொல்கிறார், நான் எழுதுகிறேன். வருடம் தடுமாறும் இடங்களில் ஓரத்தில் கேள்விக்குறி போட்டுக்கொள்கிறேன். கூட ஆடிய இருவரின் எண் கிடைத்திருக்கிறது. நேற்றோடு பதினோரு பக்கம். இன்னும் 1984 லீக்கைத் தாண்டவில்லை. அடுத்த ஞாயிறும் வரச் சொல்லியிருக்கிறார்.