நம்பர் 1 டிரம்மர் யார்? தீராத ராக் பஞ்சாயத்து!

ராக் இசை ரசிகர்கள் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் போதும், ஒரு பஞ்சாயத்து தானாக ஆரம்பித்துவிடும். 'உலகத்திலேயே பெஸ்ட் டிரம்மர் யார்?'

பெரும்பாலும் முதலில் வந்து விழும் பெயர், 'லெட் செப்பெலின்' குழுவின் ஜான் போன்ஹாம். 1971-ல் வெளியான அவர்களின் நான்காவது ஆல்பத்தில் 'வென் தி லெவி பிரேக்ஸ்' என்றொரு பாடல். ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் கூடத்தில் டிரம்ஸை வைத்து, மாடிப்படியின் மேலிருந்து இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டு அதைப் பதிவு செய்தார்கள். அந்த இடிமுழக்கத்தைப் பின்னாளில் ஹிப் ஹாப் கலைஞர்கள்கூட எடுத்துப் பயன்படுத்தினார்கள்.

'அப்போ கீத் மூன்?' என்று அடுத்த குரல் எழும். 'தி ஹூ' குழுவில் பின்னால் உட்கார்ந்து தாளம் மட்டும் போட்டவர் இல்லை அவர். கிட்டாருக்கும் பாடகருக்கும் சரிக்குச் சரி மல்லுக்கு நின்றவர். மூன் 1978-ல் இறந்தார், போன்ஹாம் 1980-ல். இருவருக்குமே அப்போது வயது 32.

டெக்னிக்தான் முக்கியம் என்பவர்கள் 'ரஷ்' குழுவின் நீல் பியர்ட் பக்கம். உலகப் புகழ் பெற்ற பிறகும், 1990-களில் ஃப்ரெடி க்ரூபர் என்ற ஆசிரியரிடம் மாணவராகச் சேர்ந்து, குச்சி பிடிக்கும் முறையையே மாற்றிக்கொண்டவர் பியர்ட்.

ரிங்கோ ஸ்டார் பெயரைச் சொன்னால் மட்டும் சிலர் சிரிப்பார்கள். ஆனால், இடதுகைப் பழக்கம் கொண்ட அவர், வலதுகைக்காரர்களுக்கான செட்டில் வாசித்தார். அதனால் அவருடைய உருட்டல்கள் வேறு யாருக்கும் வராத விதத்தில் விழுந்தன. பாட்டுக்கு எவ்வளவு தேவையோ, அவ்வளவுதான் வாசிப்பார். அந்த அடக்கமும் ஒரு திறமைதானே?

இந்தப் பட்டியல்களின் உச்சியில் அதிகம் வராத ஒரு பெயர் உண்டு. 'டெஃப் லெப்பர்டு' குழுவின் ரிக் ஆலன். 1984 டிசம்பர் 31 அன்று நடந்த கார் விபத்தில் அவருடைய இடது கை போனது. அப்போது வயது 21. குழு வேறு ஆளைத் தேடவில்லை, காத்திருந்தது. இடது கை செய்த வேலையை இடது காலுக்குக் கொடுத்து, பெடல்கள் பொருத்திய எலெக்ட்ரானிக் டிரம்ஸில் முதலிலிருந்து பழகினார் ஆலன். 1986-ல் இங்கிலாந்தின் டோனிங்டன் விழா மேடையில் ஏறினார். அடுத்த வருடம் வந்த 'ஹிஸ்டீரியா' ஆல்பம், அமெரிக்காவில் மட்டுமே 1 கோடிப் பிரதிகளைத் தாண்டி விற்றது.

போன்ஹாம் இறந்தபோது, அவர் இல்லாமல் தொடர முடியாது என்று லெட் செப்பெலின் கலைந்துபோனது. ஆலனுக்காக ஒரு குழுவே காத்துக் கிடந்தது. வேகத்தையும் பலத்தையும் அளந்துவிடலாம். 'இவர் இடத்தில் இன்னொருவர் வேண்டாம்' என்று கூட வாசிப்பவர்கள் சொல்வதை எப்படி அளப்பது?

பஞ்சாயத்து இன்றைக்கும் தீராது. ஆனால், அடுத்த முறை கூடும்போது ரிக் ஆலனுக்கும் ஒரு நாற்காலி போட்டு வையுங்கள்!