சுவருக்குள் மறையும் குழாய்



கடன் பெற்று வீடு கட்டுவோர், "வளையும் பிளாஸ்டிக் குழாயை நம்பிச் சுவருக்குள் பதிக்கலாமா?" என வினவுவது இயல்பே. அமெரிக்க நாட்டின் அனுபவம் இதற்குத் தக்க விடை பகரும்.

1978 முதல் 1995 வரை அங்கு இலட்சக்கணக்கான இல்லங்களில் பாலிபியூட்டிலீன் எனும் குழாய் பதிக்கப்பட்டது. விலை குறைவு, வளைத்துப் பதிப்பதும் எளிது. ஆனால் குடிநீரைத் தூய்மையாக்கக் கலந்த குளோரின், குழாயையும் அதன் பிளாஸ்டிக் இணைப்புகளையும் உள்ளிருந்தே நலிவுறச் செய்தது. வெளியே குறையேதும் தோன்றவில்லை. சுவர் நனைந்த பின்னரே உண்மை புலப்பட்டது. 1995ஆம் ஆண்டு வழக்கு உடன்பாட்டில் முடிந்தபோது, உற்பத்தியாளர்கள் 95 கோடி டாலர் ஈடு வழங்க இசைந்தனர்.

இன்று விற்கப்படும் பெக்ஸ் குழாய் வேறு வகை. அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருப்பதால் வெந்நீரையும் தாங்கும். வளைந்து செல்வதால் இணைப்புகள் குறைவு. ஆகவே கசிவுக்கும் இடம் குறைவு. எனினும், வெயில் அதற்குப் பகை. மொட்டை மாடியில் திறந்தவெளியில் அதனை இடலாகாது. குளோரினைத் தாங்கும் எனச் சான்று பெற்ற குழாயையே வாங்குங்கள். பூச்சு வேலைக்கு முன் நீரழுத்தச் சோதனை செய்வித்து, ஒவ்வோர் இணைப்பையும் நேரில் பாருங்கள்.

கடையில் கொடுக்கும் பணம் மட்டுமே குழாயின் விலையன்று; பின்னாளில் சுவரை உடைக்கும் கூலியும் அதில் அடங்கும்.