தங்கம் வந்தது, தொட்டில்கள் காலியாயின!



முற்றத்தில் விளையாடும் குழந்தை மண்ணை அள்ளி வாயில் வைக்கும். நாம் சிரித்துக்கொண்டே கையைத் தட்டிவிடுவோம். ஆனால் நைஜீரியாவின் வடமேற்கில், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஸம்ஃபாரா மாநிலத்தில், அந்த ஒரு பிடி மண்ணே பிள்ளைகளின் உயிரைக் குடித்தது.

2010 மார்ச்சில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பினர் அங்கே குழந்தைகள் வலிப்பு கண்டு அடுத்தடுத்து இறப்பதைக் கண்டனர். இரத்தத்தைச் சோதித்தபோது ஈய நஞ்சு என்று தெரிந்தது. சில மாதங்களில் 400-க்கும் மேற்பட்ட குழந்தைகள் மடிந்ததாகக் கணக்கிடப்பட்டது. தரேட்டா, யர்கல்மா என்ற இரு கிராமங்களில் மட்டும் ஐந்து வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் ஓராண்டுக்குள் இறந்திருந்தனர்.

காரணம் என்ன? தங்கம்! விலை ஏறியதும் ஏழை மக்கள் பொன் தேடிப் பாறையை வெட்டினர். அதில் ஈயமும் மிகுதியாகக் கலந்திருந்தது. பாறையை வீட்டுக்கே சுமந்து வந்து, மாவு அரைக்கும் இயந்திரத்தில் அரைத்தனர். தூள் முற்றத்திலும் பாயிலும் பாத்திரத்திலும் படிந்தது. பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் ஈயத்தை அதிகமாக உறிஞ்சும். வளரும் மூளையை அது சிதைக்கும். உயிர் தப்பிய பிள்ளைகள் சிலருக்குப் பார்வையும் செவியும் அறிவுத்திறனும் பாதிக்கப்பட்டன.

மருந்து இல்லையா? இருக்கிறது. இரத்தத்திலிருந்து ஈயத்தை வெளியேற்றும் மருந்து உண்டு. ஆனால் குணமான குழந்தை அதே முற்றத்துக்குத் திரும்பினால் மீண்டும் நஞ்சுதானே? எனவே முதலில் வீட்டு மண்ணை அகற்றி, நல்ல மண்ணை நிரப்பினார்கள். பாகேகா கிராமத்திலோ அரசுப் பணம் வரத் தாமதமானது; 2013-இல்தான் அங்கே மண் அகற்றப்பட்டது. அதுவரை அந்தக் குழந்தைகள் சிகிச்சைக்குக் காத்துக் கிடந்தனர். கோப்பு மேசையில் உறங்கலாம், நஞ்சு உறங்குமா?

அந்த மக்களைப் பேராசைக்காரர்கள் என்று ஏசுவது எளிது. பசித்தவன் பிழைப்பைத் தேடினான். ஆபத்தை அவனுக்கு எவரும் சொல்லவில்லை. தொழிலைத் தடை செய்வதால் பசி தீராது. அரைக்கும் இடத்தை ஊருக்கு வெளியே மாற்றுவது, தூள் பறக்காமல் நீர் விட்டு அரைப்பது, குளித்து உடை மாற்றிய பின் வீடு திரும்புவது. இவையே பிள்ளைகளைக் காக்கும் வழிகள்.

வியாபாரப் பெருமக்களே! பழைய பாட்டரியை உடைப்பதும் ஈயம் உருக்குவதும் உங்கள் பிழைப்பா? அது வீட்டுக் கொல்லையில் நடக்கிறதா? இன்றே இடத்தை மாற்றுங்கள். வேலையாளின் பிள்ளையும் பிள்ளைதான். தன் இலாபத்துக்காக அடுத்தவருக்குத் தீங்கு செய்யலாகாது என்பது மதரஸாவின் முதல் வகுப்பிலேயே நாம் படித்த பாடமல்லவா?

இளைஞர்களே! உங்கள் மஹல்லாவில் அப்படியொரு பட்டறை இருந்தால் உரிமையாளரிடம் கண்ணியமாக எடுத்துச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் ஜமாஅத்திடமும் அதிகாரிகளிடமும் எழுத்து மூலம் முறையிடுங்கள். ஸம்ஃபாராவின் தாய்மார்களுக்கு முன்கூட்டியே சொல்ல ஆளில்லை. நம் தாய்மார்களுக்குச் சொல்ல நாம் இருக்கிறோம். வாய் மூடி இருந்தால் நாளை என்ன பதில் சொல்வோம்?